ஆட்டம் நின்ற தச்சு மேசை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின் விறாந்தைதான் என் பட்டறை. மொறட்டுவையில் வாங்கிய மகோகனியில் 5 அடி மேசை செய்து, கால்களையும் சட்டங்களையும் போல்ட் போட்டு இறுக்கினேன். சீவுளி தள்ளும்போதெல்லாம் மேசையும் சேர்ந்து ஆடியது. முறுக்கினால் இரண்டு வாரம் தாங்கும். மழைக்காற்றில் மரம் ஊதிச் சுருங்க மறுபடி தளர்ந்துவிடும்.

கடைசியில் போல்டுகளைக் கழற்றி எறிந்தேன். பழைய முறைப்படி புதுச் சட்டங்களின் நுனியில் கழுந்து (குழிக்குள் செருகும் நாக்கு) வெட்டிக் கால்களின் குழிகளில் பொருத்தினேன். இந்த மூட்டின் உயிர் மரஆணியில்தான் இருக்கிறது. முதலில் காலில் ஆணித் துளை போட வேண்டும். கழுந்தைச் செருகி அந்த இடத்தைக் குறித்து, வெளியே எடுத்து, கழுந்தின் துளையை 1.5 மில்லிமீற்றர் தோள் (கழுந்து தொடங்கும் விளிம்பு) பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். நுனி சீவிய ஆணியை அடித்தால் அதுவே மூட்டை இழுத்து இறுக்கும். திசை மாறினால் மூட்டு திறந்துவிடும், அதனால் கழிவுக் கட்டையில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். ஆணிக்கு நேர் ரேகை உள்ள மரத்தைப் பிளந்து எடுப்பது நல்லது; அறுத்த துண்டு சிலவேளை முறியும்.

பசை ஒரு சொட்டும் விடவில்லை. அப்புறம், கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு உயரத்துக்குக் கால்களை வெட்டினேன். இரண்டு பருவமழை போய்விட்டது. மேசை அசையவில்லை.