கம்ப்யூட்டர் திடீரென உறைகிறதா, அணைகிறதா? ஃபார்மட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

டெஸ்க்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது என்றதும் விண்டோஸை ஃபார்மட் செய்யச் சொல்பவர்கள்தான் அதிகம். கோளாறு வன்பொருளில் இருந்தால் அதனால் பயனில்லை. காரணத்தைக் காட்டக்கூடிய பதிவுகளும் அதோடு அழிந்துபோகும். ஃபார்மட்டைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். திரை உறைந்ததும் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை மீண்டால் சந்தேகம் அந்தப் பக்கம். மவுஸ் நகர்ந்தும் எதுவும் திறக்காமல், கேபினட்டில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். நீலத்திரைகூட (விண்டோஸ் பிழை காட்டி நிற்கும் திரை) வராமல் பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு.

அடுத்து, விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்று போங்கள். நின்ற நேரத்தை ஒட்டிய சிவப்புப் பதிவுகளைப் படியுங்கள். கெர்னல்-பவர் 41ஐப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. பவர் பட்டனை நீங்களே அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அது வரும். டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்றால் வன்பொருள் பிழை, பிராசஸர் வழியாகப் பதிவானது. டிஸ்க் 7 என்றால் பழுதான பிளாக்: மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 (C5, C6) எண்களைப் பாருங்கள்; பழுதான பகுதிகளைக் காட்டுபவை அவை. அவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். சி7 (C7) மட்டும் ஏறினால் முதலில் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சும்மா இருக்கும்போதே பிராசஸர் 70 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம். இன்டெல் பிராசஸரோடு பெட்டியில் வரும் கூலரில் அழுத்திப் பூட்டும் நான்கு கால்களில் ஒன்று கழன்றிருப்பது சகஜம். கூலருக்கும் பிராசஸருக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசிய பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதியது வையுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது ரேம்தான். ஒருநாள் நன்றாக ஓடும், மறுநாள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை எண்ணோடு நீலத்திரை வரும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். கோளாறு நின்றுவிட்டால், ரேம் கெட்டிருக்க வேண்டுமென்பதில்லை. அந்த வேகம் அந்த போர்டுக்கு ஒத்துவராமலும் இருக்கலாம். நிற்காவிட்டால் மின் இணைப்பைத் துண்டித்து ரேமைக் கழற்றி, தங்கநிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவிலிருந்து பூட் செய்து 4 பாஸ் (முழுச் சுற்று) ஓடவிடுங்கள். 16 ஜிபிக்கே சில மணி நேரம் பிடிக்கும்; இரவில் ஓடவிடுவது நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிழை வந்தால் ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் சோதியுங்கள். எல்லா ரேமும் அங்கே மட்டும் தோற்றால் ஸ்லாட்டைச் சந்தேகியுங்கள்.

கேம் ஆடும்போது மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் பயாஸில் தெரிவது சுமையில்லாத அளவு, அதை நம்பி விட்டுவிடாதீர்கள். நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எந்தக் கட்டத்திலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த பயாஸைப் போட்டாக வேண்டும். அதிக மின்னழுத்தத்தால் அந்தச் சில்லுகள் தேய்ந்துபோவதைத் தடுக்கும் திருத்தம் அதில் இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த சில்லை அது மீட்காது. பாதிப்புக்குள்ளான, பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 2 ஆண்டு கூட்டி 5 ஆண்டாக்கியிருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.