முடிச்சை நம்பாதீர்கள்: குரோஷேயில் நூல் முனைகளைச் செருகும்போது நேரும் தவறுகள்

அக்காவின் குழந்தைக்காக நான் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால், பின்னிய முதல் போர்வை மூன்றாவது சலவையைத் தாண்டவில்லை. பின்னலில் குறை இல்லை. ஒரு சதுரத்தின் நடுவில் இருந்த வளையம் வாயைத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். அங்கே இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை ஒட்ட வெட்டியிருந்தேன். வாஷிங் மெஷினுக்குள் அது எப்போது அவிழ்ந்ததோ, தெரியாது. வெளியே எடுத்தபோது கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பூ கட்டியும் பட்டன் தைத்தும் பழகிய கைக்கு, நூல் முடிந்தால் முடிச்சுப் போடத்தான் தோன்றும். ஆனால் அக்ரிலிக் உல்லன் நூல் வழுக்கும், பஞ்சுபோல் அமுங்கும். அதில் போட்ட முடிச்சு இழுபட இழுபடத் தளரும். தளராவிட்டாலும் பருபோல் துருத்திக்கொண்டு நிற்கும். கடைசிக் கண்ணிக்குள் (பின்னலின் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி) நூலை இழுத்து இறுக்குகிறோமே, அந்த ஒன்று போதும். அதற்குப் பிறகு முனையைப் பிடித்து வைப்பது உராய்வுதான். ஒயர் கூடை பின்னியவர்களுக்கு இது புதிதல்ல. முடிகிற ஒயரை அவர்கள் பின்னலுக்குள்ளேயே செருகிவிடுவார்கள்.

செருகுவதற்கு நூல் வேண்டுமே! இரண்டு அங்குலம் விட்டு வெட்டுவது சிக்கனம் அல்ல. குறைந்தது 15 சென்டிமீட்டர், தாராளமாக ஒரு சாண் விடுங்கள். தையல் ஊசி வேண்டாம். நுனி மழுங்கிய, காது பெரிய உல்லன் ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். நூலை வாயில் வைத்து நனைத்துக் கோக்க முயன்றால் புரி புரியாகப் பிரியும். ஊசியின் மேல் நூலை மடித்து இறுக்கி, அந்த மடிப்பைக் காதுக்குள் தள்ளினால் ஒரே முறையில் நுழையும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் அடுத்தது: ஒரே திசையில் செருகி நிறுத்திவிடுவது. துணி ஒவ்வொரு முறை இழுபடும்போதும் நேர்கோட்டில் கிடக்கும் நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நழுவும். ஒரு நாள் முனை வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் பின்பக்கத்தில், ஐந்தாறு கண்ணிகளின் அடிவழியே ஊசியை ஓட்டுங்கள். பிறகு கடைசிக் கண்ணியை விட்டுவிட்டு, வந்த பாதையிலேயே திரும்புங்கள். அந்த விட்ட கண்ணிதான் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு கண்ணியை விடாமல், வெளியே வந்த அதே ஓட்டைக்குள்ளேயே ஊசியைத் திருப்பினால் நூல் வந்த வழியே உருவிக்கொண்டு போய்விடும். மூன்றாவதாக இன்னொரு முறை முன்னோக்கி ஓட்டினால் வேலை முடிந்தது. பருத்தி, மூங்கில் நூல்களுக்கு இந்த மூன்றாவது ஓட்டம் கட்டாயம். கண்ணிகளைச் சுற்றிப் போவதைவிட, அவற்றின் புரிகளுக்கு ஊடே ஊசியைக் குத்திப் போனால் பிடி இன்னும் கெட்டி.

நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னும் கிரானி சதுரம்போல் இடைவெளி அதிகமுள்ள பின்னலில் குறுக்கே பாயாதீர்கள். சிவப்பு நூல் வெள்ளைப் பின்னலின் ஓட்டையில் கோடாகத் தெரியும். அந்தந்த நிறத்தை அந்தந்த நிறத்துக்குள்ளேயே ஒளித்துவையுங்கள். நடு வளையத்தின் முனையை, வளையத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் திருப்புங்கள். என் போர்வை பிழைத்திருக்க வேண்டிய இடம் அது.

பின்னும்போதே முனையை அடுத்த வரிசைக்குள் வைத்து மூடிப் பின்னுவது சோம்பலுக்கு நல்ல வழி, நானும் செய்வேன். நெருக்கமான சிங்கிள் குரோஷேயில் (குட்டையான அடிப்படைக் கண்ணி) அது ஒளிந்துகொள்ளும். ஆனால் அதுவும் ஒரே திசைதான். கடைசியில் ஊசியால் ஒரு திருப்பம் கொடுக்காவிட்டால் நழுவும்.

நைலான் கயிற்றின் நுனியைத் தீக்குச்சியால் சுட்டு அடைக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவருகிறவர்களும் உண்டு. அக்ரிலிக் உருகி, ஆறியதும் கல்போல் ஒரு மணி திரளும். குழந்தையின் கழுத்தில் அது உராய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அசல் கம்பளியும் பருத்தியும் உருகவே உருகாது, கருகும்.

செருகியவுடன் ஒட்ட வெட்டுவதும் அவசரம். துணியை நான்கு பக்கமும் நன்றாக இழுத்துவிடுங்கள், முடிந்தால் ஒரு முறை அலசி உலர்த்துங்கள். நூல் தன் இடத்தில் அமர்ந்த பிறகு அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இழுக்காமல் வெட்டினால் அந்த இடம் சுருங்கியே நிற்கும். கத்தரிக்கோல் பக்கத்துக் கண்ணியைக் கடித்துவிடாமல், முனையைத் தூக்கிப் பிடித்து வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஒரு முறை கடித்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிப்போடுவது தனித் துன்பம். நான்கு நிறச் சதுரம் ஒன்றுக்கு எட்டு முனைகள். 30 சதுரம் என்றால் 240. ஒவ்வொரு சதுரத்தையும் முடித்த கையோடு செருகிவிட்டால் டீ ஆறுவதற்குள் எட்டும் முடியும்.

ஏற்கெனவே குட்டையாக வெட்டிவிட்டீர்களா? முதலில் நூல் இல்லாத ஊசியைக் கண்ணிகளுக்குள் ஓட்டி, அதன் காது அந்தக் குட்டை முனைக்குப் பக்கத்தில் வரும்படி நிறுத்துங்கள். அங்கேயே வைத்து நூலைக் கோத்து, பிறகு ஊசியை இழுங்கள். ஓர் அங்குல நூல்கூட உள்ளே போய்விடும்.