பல்லை அரைப்பதற்கு முன்: புன்னகைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் அழகுச் சிகிச்சைக்காக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் குறையைச் சொல்வதில்லை. சிகிச்சையின் பெயரைச் சொல்கிறார்கள். "எனக்கு வெனீர் போட வேண்டும்", "மேல் வரிசைக்குக் கேப் போட்டுவிடுங்கள்", "பிளீச்சிங்குக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. (வெனீர் என்பது பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு; கேப் என்பது பல்லை முழுவதும் மூடும் உறை; பிளீச்சிங் என்பது மருந்தால் பல்லை வெளுக்கச் செய்வது.) தவறும் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பல் மஞ்சளாக இருப்பதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும், நடுவில் இடைவெளி விழுந்திருப்பதும், சிரிக்கும்போது ஈறு அதிகமாகத் தெரிவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. அவற்றுக்கான சிகிச்சைகளும் வேறு வேறு. ஆகவே கண்ணாடியில் எது உறுத்துகிறது என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் சொந்தப் பல்லில் எவ்வளவு இழக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் வாயால் கேளுங்கள்.

இழப்பைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் 32 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கல்யாணத்துக்கு முன் அவருடைய மேல் முன்பற்கள் நான்கும் சற்றே கோணலாக இருந்தனவாம். சொத்தை எதுவும் இல்லை. கம்பி போட்டால் ஒன்றரை ஆண்டு ஆகும், கேப் போட்டால் பத்து நாளில் வரிசையாகிவிடும் என்று வேறோர் இடத்தில் சொன்னதை நம்பி, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு சம்மதித்திருக்கிறார். கோணலாக நிற்கும் பல்லைக் கேப்புக்குள் நேராகக் காட்ட வேண்டுமானால் அதை அளவுக்கு மீறி அரைத்தாக வேண்டும். அப்படி அரைத்ததில் நரம்பு வரை போய், நான்கு பற்களுக்கும் வேர் சிகிச்சை செய்ய நேர்ந்தது. ஐந்து ஆண்டுகளில் ஈறு சற்று மேலேறிவிட, உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய அந்தக் கேப்களின் விளிம்பு ஈறோரமாகக் கருங்கோடு போலத் தெரிந்தது. ஒரு பல் கேப்போடு சேர்ந்து ஈறு மட்டத்தில் முறிந்திருந்தது. கல்யாணப் படங்களில் அவர் அழகாகச் சிரிக்கிறார். என்னிடம் பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

பல்லின் மேற்பூச்சான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள் என்றாலும், பல் முளைத்த பிறகு அதை மீண்டும் உண்டாக்கும் செல்கள் உடலில் இல்லை. முன்பல்லின் கடிக்கும் விளிம்பருகே அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க அதில் பாதிக்கும் கீழாக மெலிந்துவிடும். ஒரு வெனீருக்குப் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவு தேய்க்கிறார்கள். முழுக் கேப்புக்கோ பல்லைச் சுற்றிலும் அரைத்து, வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கும் மேலாக எடுத்துவிட நேரும். மறுபுறம் பிளீச்சிங்குக்குப் பல்லை அரைப்பதே இல்லை; கம்பிக்கும் பொதுவாக அரைக்க வேண்டியதில்லை. காம்போசிட் எனப்படும் பல் நிறப் பசையை ஒட்டிச் சீர்செய்வதிலும் பெரும்பாலும் அரைக்க வேண்டியதில்லை. அரைத்தாலும் மிகக் குறைவு. பின்வாங்கவே முடியாத வழியை முதலில் எடுப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பது என் உறுதியான கருத்து. சொத்தையில்லாத, உடையாத, வெறுமனே கோணலான பல்லுக்கு முதலில் பேச வேண்டியது கம்பியையோ, பல்லை மெல்ல நகர்த்தும், கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறையான அலைனரையோ பற்றித்தான், கேப்பைப் பற்றியல்ல. கல்யாணம் நெருங்கிவிட்டால் பற்காரையை எடுத்துச் சுத்தம் செய்து, வேண்டுமானால் பிளீச்சிங் செய்து, ஓரம் உடைந்த பல்லில் காம்போசிட் வைத்தாலே முகம் மாறிவிடும். மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு செய்துகொள்ளலாம். தெத்துப்பல் சிரிப்புக்கு அழகு என்று நம் ஊரில் சொல்வதுண்டு. அது உங்களை உறுத்தாவிட்டால், உறவினர் சொன்னார்கள் என்பதற்காக அதில் கைவைக்க வேண்டியதே இல்லை.

நிறத்தைப் பற்றிய தவறுகள் இன்னும் நுட்பமானவை. கறை பல்லின் மேலே படிந்திருக்கிறதா, உள்ளேயே ஊறியிருக்கிறதா என்பதை அறியாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. வெற்றிலை பாக்கு, காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றின் கறை பெரும்பாலும் மேலேதான் இருக்கும். காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கும் பாலிஷும் செய்தாலே பலருக்குப் போய்விடும். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பார்க்கும் பழுப்புத் திட்டுகளும் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளும் அப்படிப்பட்டவை அல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில், குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே எனாமலுக்குள் அமைந்துவிடும் குறை அது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் குறை வராமல் தடுக்கலாம். முன்பே வந்துவிட்டவர்களுக்குத் தண்ணீரை மாற்றுவதால் கறை மறையாது. இவர்கள் நேராக வெனீருக்குப் போக வேண்டியதில்லை. மேற்பரப்பில் மிக மெல்லிய படலத்தை மட்டும் அமிலமும் நுண்பொடியும் கொண்டு தேய்த்தெடுக்கும் முறை, அதன்பின் பிளீச்சிங், வெள்ளைத் திட்டுகளுக்குள் ரெசின் என்ற பிசினை ஊறவைக்கும் முறை என்று படிப்படியாகப் போகலாம். லேசான, நடுத்தரக் கறைகளில் பலருக்கு இவையே போதுமானவை. குழி விழுந்து எனாமல் பெயர்ந்திருந்தால்தான் மேலே மூடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரே ஒரு முன்பல் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கிறதென்றால், சிறுவயதில் விழுந்து அடிபட்டு அதன் நரம்பு செத்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் அதன்மேல் வெனீர் ஒட்டுவது, உள்ளே சீழ் கட்டியிருப்பதை மூடிவைப்பது போலாகிவிடும். முறையாக வேர் சிகிச்சை செய்து, பல்லின் உட்புறமாகவே மருந்து வைத்து வெளுக்கச் செய்தால் பக்கத்துப் பற்களைத் தொடாமலேயே நிறம் பெருமளவு திரும்பும்.

பிளீச்சிங்கின் வரிசை முறையும் பலருக்குத் தெரிவதில்லை. பெராக்சைடு மருந்து இயற்கையான பல்லை மட்டுமே வெளுக்கச் செய்யும். கேப், வெனீர், காம்போசிட் ஆகியவற்றின் நிறம் அதனால் மாறாது. முதலில் கேப் போட்டுவிட்டுப் பிறகு மற்றப் பற்களை வெளுத்தால் கேப் மட்டும் மஞ்சளாகத் தனித்து நிற்கும். ஆகவே வெளுப்பது முதலில், ஒட்டுவது பின்னால். இடையில் ஏறத்தாழ இரண்டு வாரம் விட வேண்டும். நிறம் நிலைப்பதற்கும், பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பசையின் பிடிப்பைக் கெடுக்காமல் இருப்பதற்கும் அந்த இடைவெளி தேவை. சிகிச்சை முடிந்து எழும் அந்த நிமிடத்தில் தெரியும் வெண்மையை நம்பிவிடாதீர்கள். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். எச்சில் ஊறியபின் ஓரிரு நாளில் உண்மை நிறம் வரும். இதே காரணத்தால், நிற அட்டையைப் பல்லருகே வைத்துப் பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். வழக்கமான நிற அட்டையில் ஏ1 தொடங்கி டி4 வரை 16 நிறங்கள் இருக்கும். அவற்றிலும் வெளுப்பான, குளியலறை ஓடு போன்ற வெண்மையைக் கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெளுப்பாக இருந்தால், எதிரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் அழகுக்கான பிளீச்சிங்கைத் தள்ளிவைப்பது நல்லது.

எலுமிச்சைச் சாறு, உமிக்கரி, செங்கல் பொடி, கரித்தூள் பற்பசை ஆகிய எதுவும் வேண்டாம். எலுமிச்சை எனாமலைக் கரைக்கும், மற்றவை தேய்க்கும். எனாமல் மெலிந்தால் அதன் அடியில் இருக்கும் மஞ்சள் நிறமான டென்டின் மேலும் தெளிவாகத் தெரியும் என்பதால், வெளுக்க எண்ணித் தேய்த்த பல் காலப்போக்கில் இன்னும் மஞ்சளாகும்.

ஈறில் இரத்தம் கசியும் நிலையில் எந்த அழகுச் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது. வீங்கிய ஈறு ஆறியபின் அதன் விளிம்பு இடம் மாறும். அதற்கு முன் செய்த வெனீரின் ஓரம் வெளியே தெரியும். பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உண்மையில் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்துவைத்திருந்தது. காரை போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

வெனீர்தான் என்று முடிவாகிவிட்டால், பல்லைத் தொடுவதற்கு முன் ஒத்திகை கேளுங்கள். பல் அச்சில் மெழுகால் வடிவம் செய்து, அதைத் தற்காலிகப் பசையால் உங்கள் பல்லின்மேல் பதித்துக் காட்டுவார்கள். வெனீரின் தொடக்கமே இப்படிப்பட்ட தற்காலிக ஏற்பாடுதான்: 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்காகச் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் செய்த மெல்லிய ஓடுகளைப் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். ஒத்திகை ஓட்டோடு கண்ணாடி முன் நின்று சிரிப்பது மட்டும் போதாது; பேசிப் பாருங்கள். "வாழை" என்னும்போது மேற்பல்லின் நுனி கீழுதட்டை இலேசாக வருட வேண்டும்; இடித்தால் பல் நீளம் அதிகம். "தாத்தா", "சங்கு" என்னும்போது நாக்கு தடுக்கினால் பின்புறம் தடிமனாகிவிட்டது என்று பொருள். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தூங்கும்போது பல்லின்மேல் மாட்டும் இரவுத் தட்டை அணியாவிட்டால் பீங்கான் விரிசல் விடும். பொங்கல் கரும்பை முன்பல்லால் கடித்து உரிப்பதையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

அலைனரைப் பொறுத்தவரை, வாயை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் தபாலில் அனுப்புபவர்களைத் தவிருங்கள். அமெரிக்காவில் இந்த வணிகத்தில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதி நகர்ந்த பற்களோடு பலர் நின்றார்கள். கம்பியோ அலைனரோ முடிந்தபின், நகர்ந்த பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரீட்டெய்னரை அணியாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கு நகரத் தொடங்கும் என்பதால், அதன் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சையானாலும் செய்பவர் பி.டி.எஸ். படித்து மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று பாருங்கள். அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் வேலையல்ல இது.

செலவைக் கணக்கிடும்போது வாழ்நாள் கணக்காகப் பாருங்கள். காம்போசிட் சில ஆண்டுகளில் நிறம் மங்கும். பீங்கான் வெனீர் நன்றாகச் செய்தால் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாங்கும். 25 வயதில் போட்டுக்கொள்பவர் அறுபதைத் தாண்டுவதற்குள் அதை இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு உங்கள் பல்லைப் பார்க்கப் போகிறவர் வேறொரு மருத்துவராக இருக்கலாம். ஆகவே எந்தப் பொருளால் செய்தது, எந்த நிற எண், எந்தத் தேதி என்பதையும், சிகிச்சைக்கு முந்தைய எக்ஸ்ரேயையும் படங்களையும் கேட்டு வாங்கி, மற்ற மருத்துவக் கோப்புகளோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.