ஏரியல் முறிந்த ரேடியோவும் 74 செ.மீ. ஒயரும்

அம்மாவின் ரேடியோவில் ஏரியல் அடியோடு முறிந்து, எஃப்எம் முழுக்க ஒரே கரகரப்பு. நீளம் கூடினால் நன்றாக எடுக்கும் என்று நம்பி மூன்று மீட்டர் ஒயரை ஜன்னல் வரை இழுத்துக் கட்டினேன், பார்த்தால் ஒரு ஸ்டேஷன் மேல் இன்னொன்று ஏறிப் பாடுகிறது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஏரியல், ஸ்டேஷனின் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக எடுக்கும். 75-ஐ ஸ்டேஷனின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அந்தக் கால் பங்கு மீட்டரில் வரும். சென்னை ரெயின்போ எஃப்எம் ஸ்டேஷனின் 101.4-க்கு 74 செ.மீ. அந்த அளவுக்கு வெட்டி, நுனியைச் சீவி, அடிக்கட்டையின் ஸ்க்ரூவில் இறுக்கிச் சுற்றி, மர ஜன்னல் சட்டத்தில் நெட்டாக ஒட்டினேன். கரகரப்பு போயே போச்சு.

மீடியம் வேவ் (ஏஎம்) வேறு கதை. 720 கிலோஹெர்ட்ஸ் ஸ்டேஷனுக்கு அலைநீளத்தில் கால் பங்கே 104 மீட்டர், யார் கட்டுவது? அதற்கு ஏரியலாக ரேடியோவுக்கு உள்ளேயே ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன, ஒயர் சுற்றிய தண்டு இருக்கிறது. அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தே எடுக்கும், அதனால் சரியாக எடுக்காவிட்டால் ரேடியோவையே கொஞ்சம் திருப்பி வைக்கிறேன்.