குடும்ப வரலாறு தேடுகிறீர்களா? முதலில் ஆளுக்கொரு எண்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே யாரோ ஒரு பழைய மூதாதையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கப் பார்ப்பார்கள். அங்கேதான் சறுக்கும். உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே போங்கள்.

ஆளுக்கொரு எண் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா; அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆக, அம்மாவின் அம்மா 7, அவருடைய அப்பா 14. உங்களை விட்டுவிட்டால் இரட்டைப்படை எல்லாம் ஆண், ஒற்றைப்படை எல்லாம் பெண். நோட்டில் எந்த எண் காலியோ, அடுத்துத் தேட வேண்டியது அவரைத்தான். பத்துத் தலைமுறை மேலே போனால் அந்த ஒரு வரிசையிலேயே 1,024 இடங்கள், பயந்துவிடாதீர்கள்!

பெரியவர்களிடம் கேள்வியாக அடுக்காமல் பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுங்கள், பேச்சு தானாக வரும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்; பெயரும் தேதியும் பல நேரம் அங்கேதான் கிடக்கும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே யார் சொன்னது, எந்த ஆவணம் என்று குறியுங்கள். சோம்பலில் இதை விட்டுவிட்டு, ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த வருடங்களோடு முழித்தவன் நான். இறப்புச் சான்றிதழில் உள்ள வயது இன்னொருவர் சொல்லி எழுதியது. பிறந்தபோதே செய்த பதிவு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.