தன்விவரக் குறிப்பைத் திருத்தி எழுதுவது எப்படி?

தன்விவரக் குறிப்பைத் திருத்த உட்காரும் பலர் முதலில் மாற்றுவது எழுத்துருவையும் வண்ணத்தையும்தான். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் செய்ய வேண்டியது, விண்ணப்பிக்கப் போகும் வேலையின் அறிவிப்பை நிதானமாக இரண்டு முறை படித்து, அந்த நிறுவனம் எந்தச் சிக்கலைத் தீர்க்க ஆள் தேடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வதாகும். அறிவிப்பில் திரும்பத் திரும்ப வரும் சொற்களும், பொறுப்புகளின் பட்டியலில் முதலில் நிற்கும் இரண்டு மூன்று வரிகளும் பெரும்பாலும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் குறிப்பு அந்தத் தேவைக்குரிய பதிலாக இருக்க வேண்டும்.

இது புதிய யோசனையும் அன்று. சுமார் 1482இல் லியோனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் கிடைக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று போருக்குப் பயன்படும் திறன்களை வரிசை எண்ணிட்டுச் சொல்லிச் செல்லும் அவர், தமக்கு ஓவியமும் வரும் என்பதைக் கடிதத்தின் இறுதிப் பகுதியில்தான் குறிப்பிடுகிறார். தமக்குப் பெருமை தருவதைவிடப் படிப்பவருக்குத் தேவையானதை அவர் முன்னே வைத்தார்.

அடுத்து, பணி அனுபவப் பகுதிக்கு வாருங்கள். என் கருத்தில், திருத்துவதற்கென்று ஒதுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் செலவாக வேண்டும். பெரும்பாலான குறிப்புகளில் இந்தப் பகுதி பதவிக்குரிய கடமைகளின் பட்டியலாகவே இருக்கிறது. "வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்டேன்" என்ற வரியை அதே பதவியில் இருந்த எவரும் எழுதலாம். நீங்கள் அங்கே இருந்ததால் என்ன மாறியது என்பதை அது சொல்லவில்லை. அதையே, "நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 புகார்களைப் பெற்று, அவற்றை வகைப்படுத்தும் படிவம் ஒன்றை உருவாக்கியதன் மூலம், பதில் அனுப்பும் காலத்தை மூன்று நாட்களிலிருந்து ஒரு நாளாகக் குறைத்தேன்" என்று எழுதிப் பாருங்கள். வேலையின் அளவு, நீங்கள் செய்த செயல், அதனால் விளைந்த பயன் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

"என் வேலையில் எண்ணிச் சொல்ல எதுவும் இல்லையே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை எளிய கேள்விகள்தான்: எத்தனை பேருக்காக அந்த வேலையைச் செய்தேன், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை செய்தேன், நான் விடுப்பில் சென்றால் எது நின்றுபோகும், புதிதாக வந்தவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தேன்? படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள் இதே கேள்விகளைத் தங்கள் செய்முறைத் திட்டங்களுக்கும், பயிற்சிக் காலத்துக்கும், தன்னார்வப் பணிகளுக்கும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நேர்காணலில் யாரேனும் "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டால் தடுமாறாமல் விளக்கக்கூடிய எண்ணை மட்டுமே எழுதுங்கள்; கூட்டிச் சொன்ன ஒரே ஒரு எண், உண்மையாகச் செய்த மற்ற எல்லாவற்றின் மீதும் ஐயத்தை விதைத்துவிடும்.

குறிப்பின் தலைப்பகுதியில் பலர் எழுதும் "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்பது போன்ற குறிக்கோள் வரியை நீக்கிவிட்டு, நீங்கள் யார், எத்தனை ஆண்டு அனுபவம், எதில் தேர்ந்தவர் என்பதை மூன்று வரிகளில் சொல்லுங்கள். அண்மைய வேலை முதலில் வரட்டும். அனுபவம் குறைந்தவர்களுக்கு ஒரு பக்கமும், மற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் பொதுவாகப் போதும். இடையில் வேலையின்றி இருந்த காலத்தை மறைக்க முயலாமல், ஆண்டையும் காரணத்தையும் ஒரே வரியில் குறிப்பிடுவது நல்லது.

பல நிறுவனங்களில் குறிப்பு மனிதரின் கைக்குப் போகுமுன் மென்பொருள் ஒன்று அதைப் படித்துப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறது. இடம் வலமாக இரண்டு நெடும்பத்திகளாகப் பிரித்த பக்கம், அட்டவணை, படமாக ஒட்டிய எழுத்து ஆகியவை அங்கே குழப்பத்தை உண்டாக்கக்கூடும். இதைச் சோதிக்க வழி இருக்கிறது: உங்கள் பிடிஎஃப் கோப்பில் உள்ள அனைத்தையும் நகலெடுத்து, வெறும் எழுத்து மட்டும் ஏற்கும் நோட்பேடு போன்ற செயலியில் ஒட்டுங்கள். அங்கே வரிகள் முன்பின்னாகக் கலந்தோ, தொலைபேசி எண் காணாமலோ போனால், அந்த மென்பொருளுக்கும் அப்படியே தெரிய வாய்ப்புண்டு. அறிவிப்பில் ஒரு திறனுக்கு எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். வெள்ளை நிற எழுத்தில் சொற்களை ஒளித்துவைப்பதைச் செய்யவே வேண்டாம். வெறும் எழுத்தாக மாற்றியதும் அவை வெளிப்பட்டுவிடும்.

எழுதி முடித்ததை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, உரக்கப் படித்துப் பிழை திருத்துங்கள். முடிந்தால் உங்கள் துறையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அரை நிமிடம் பார்த்தபின் நினைவில் நிற்பது எது என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் முதன்மையாகக் கருதியது இல்லையென்றால், அந்த வரியை இன்னும் மேலே கொண்டு வாருங்கள். இறுதியாக, கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியின் பெயரையும் இட்டு, எந்த நிறுவனத்துக்கு எந்த வடிவத்தை எந்த நாளில் அனுப்பினீர்கள் என்பதையும் அந்த வேலை அறிவிப்பின் நகலையும் சேமித்து வையுங்கள். பல வாரங்கள் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது, அறிவிப்பு இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கக்கூடும்.