மாடர்ன் கில்ட்டிங் தொடங்க எந்தக் கருவிகள் போதும்?

துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி. இந்த மூன்றையும் ஊடுருவித் தைத்துச் சேர்த்த போர்வைதான் கில்ட். மாடர்ன் பாணியில் பூப்போட்ட துணி குறைவு. ஒற்றை நிறத் துணிகளும், பெரிய வெற்றிடங்களும், நேர்கோட்டுத் தையலும்தான் அதிகம். பார்க்க எளிமை, தைக்கக் கறார். பூ டிசைனுக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னப் பிசகு, வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்த கருநீலச் சதுரத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் அளவைக் காப்பாற்றும் கருவிகளுக்கு முதலில் செலவழியுங்கள், அலங்காரமானவை காத்திருக்கட்டும்.

உதாரணத்துக்கு ஒரு 36 இன்ச் சதுர கில்ட்டை எடுத்துக்கொள்வோம். 5 இன்ச் சதுரங்களாக 64 துண்டுகள், வரிசைக்கு 8, மொத்தம் 8 வரிசை. தையலுக்குப் போனபின் ஒவ்வொன்றும் 4½ இன்ச் இருக்கும்.

துணி நெருக்கமாக நெய்த சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். நெகிழும் துணியும் வழுக்கும் துணியும் முதல் கில்ட்டுக்கு வேண்டாம். 44 இன்ச் அகலத் துணியில் கரை நீக்கினால் சுமார் 42 இன்ச் தேறும். அதில் 5 இன்ச் பட்டை ஒன்றிலிருந்து 8 சதுரம் வரும். ஆக 8 பட்டைகள்: வெளிர் நிறத்தில் 4 (60 செ.மீ. துணி), இரண்டு அடர்நிறங்களில் இரண்டிரண்டு (30 செ.மீ. வீதம்). பின்துணிக்கு 1.1 மீட்டர், ஓரப்பட்டைக்கு 30 செ.மீ. துவைத்து எடுத்தால் எல்லாத் துணியையும் துவையுங்கள். சிலதை மட்டும் துவைத்தால் பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். அடர் சிவப்பு, கருநீலத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியைத் தனியாக அலசாமல் சேர்க்கக் கூடாது.

படி 1: வெட்டுதல்

ரோட்டரி கட்டர் (சக்கரம்போல் உருளும் வட்ட பிளேடு), கட்டிங் மேட் (அடியில் போடும் விரிப்பு), அக்ரிலிக் ரூலர். இவை மூன்றும் ஒரே கருவியின் மூன்று பாகங்கள் என்றே நினையுங்கள், ஒன்றில்லாமல் மற்றது உதவாது. அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்குவதுதான் பழைய வழி. 1979-ல் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலை நிமிடக் கணக்காகக் குறைந்தது.

கட்டரில் 45 மி.மீ. பிளேடு வாங்குங்கள். 28 மி.மீ. வளைவுகளுக்கு, 60 மி.மீ. பல அடுக்குகளுக்கு, இரண்டும் இப்போது தேவையில்லை. ரூலர் 6×24 இன்ச், எட்டில் ஒரு இன்ச் கோடுகளும் 45, 60 டிகிரிக் கோடுகளும் உள்ளது. இரண்டாக மடித்த துணியின் முழு அகலத்துக்கும் 24 இன்ச் நீளம் எட்டும். 12 இன்ச் ரூலரை நகர்த்தி நகர்த்தி வெட்டினால் இணையும் இடத்தில் ஒரு சின்னப் படி விழும். மேட் 18×24 இன்ச்சுக்குக் குறையக் கூடாது.

அளவை மேட்டின் கோடுகளில் பார்க்காதீர்கள், ரூலரில் மட்டும் பாருங்கள். இரண்டின் கோடுகளும் அச்சாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ரூலர் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு. துணியின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு அடியில் இருக்குமாறு வைப்பதென்றால் 64 சதுரத்துக்கும் அப்படியே வையுங்கள். மேட்டின் மேல் இஸ்திரி போடக் கூடாது, சூடான பாத்திரமும் வைக்கக் கூடாது. சூடு பட்டு வளைந்த மேட் மறுபடி தட்டையாவது அரிது. சுவரில் சாய்த்து வைத்தாலும் நாளடைவில் வளையும், படுக்கையாகவே வையுங்கள்.

வெட்டும் முறை: கரைகள் ஒன்றன் மேல் ஒன்று வருமாறு மடித்து, மடிப்பில் சுருக்கம் இல்லாமல் சரிசெய்யுங்கள். ரூலரின் ஒரு குறுக்குக் கோடு மடிப்போடு பொருந்த வேண்டும். முதல் வெட்டு ஓரத்தை நேராக்க மட்டும். பிறகு 5 இன்ச் பட்டைகள். நின்றுகொண்டு வெட்டுங்கள். இடது கை விரல்களை ரூலரின் மேல் அகல ஊன்றி, சுண்டுவிரலை மட்டும், கட்டர் ஓடாத பக்கம், ரூலருக்கு வெளியே துணியில் பதித்தால் ரூலர் நழுவாது. கட்டரை உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், உடலை நோக்கி இழுக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் பிளேடை மூடுங்கள். அரை விநாடி வேலைதான், ஆனால் திறந்து கிடக்கும் பிளேடு தையல் போடும் அளவுக்குக் காயம் தரும்.

எங்கே தவறும்? பட்டையை விரித்தால் மடிப்பு இருந்த இடத்தில் பல்லிளித்து ஒரு கோணம் தெரிகிறதா? மடிப்புக்குச் செங்குத்தாக வெட்டவில்லை. மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தைத் திரும்ப நேராக்கினால் இது வராது. வெட்டிய கோட்டில் அங்கங்கே ஒன்றிரண்டு நூல் அறாமல் நிற்கிறதா? இடைவெளியை அளந்து பாருங்கள். சரியாக 14 செ.மீ.க்கு ஒருமுறை வந்தால் பிளேடில் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது (45 மி.மீ. பிளேடின் சுற்றளவு அவ்வளவுதான்). குண்டூசி மேல் ஏற்றினால் இப்படி ஆகும், பிளேடை மாற்றுவதுதான் வழி. கோடு முழுக்கச் சரியாக வெட்டாவிட்டால் பிளேடு மழுங்கியிருக்கலாம், அல்லது பின்னால் உள்ள திருகு அதிகம் இறுகி பிளேடு சுழலாமல் இருக்கலாம். திருகைச் சற்றுத் தளர்த்தி, உள்ளே சேர்ந்த பஞ்சுத் தூசியைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் புது பிளேடு போடுங்கள்.

படி 2: கால் இன்ச் தையல்

நேர்த்தையல் ஒழுங்காக விழும் எந்தத் தையல் மெஷினும் போதும். எம்பிராய்டரி வேலைப்பாடுகள் உள்ள மெஷின் வேண்டியதில்லை. கால் இன்ச் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஒன்று, 80/12 அளவு ஊசிகள், 50 எண் பருத்தி நூல் வாங்குங்கள். நூலில் எண் கூடக் கூட நூல் மெல்லியது. 50 எண் நூல் தையலுக்குள் இடம் அடைக்காது, தடித்த நூல் அடைக்கும். தையல் நீளம் 2 முதல் 2.4 மி.மீ. சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒரு புது ஊசி. "டக் டக்" சத்தம் கேட்டாலோ தையல் விட்டுவிட்டு விழுந்தாலோ, நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) மாற்றத் திருகுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள்.

கில்ட்டில் தையலுக்கு விடும் இடம் கால் இன்ச். துல்லியமாகச் சொன்னால், கால் இன்ச்சுக்கு ஓரிரு நூல் குறைவு. துணியைத் தைத்து மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்ளும், அதை ஈடுகட்டத்தான் இந்தக் குறைவு. ஒவ்வொரு தையலும் பதினாறில் ஒரு இன்ச் கூடுதலாக உள்ளே போனால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தையலுக்கு எட்டில் ஒரு இன்ச் போகும். 8 சதுர வரிசையில் 7 தையல், ஆக வரிசை முக்கால் இன்ச்சுக்கும் மேல் குட்டையாகிவிடும்.

ஆகவே கில்ட்டைத் தொடுமுன் இந்தச் சோதனை: 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டுங்கள், 5 இன்ச் நீளம் போதும். மூன்றையும் பக்கவாட்டில் தைத்து, இஸ்திரியால் அழுத்திவிட்டு அளந்து பாருங்கள். மொத்த அகலம் 3½ இன்ச், நடுப்பட்டை மட்டும் சரியாக 1 இன்ச். நடுப்பட்டை குறைந்தால் தையல் உள்ளே போகிறது, ஊசியை ஒரு நூல் வலப்பக்கம் நகர்த்துங்கள். கூடினால் இடப்பக்கம். ஊசியை நகர்த்த முடியாத மெஷினில் ஊசிக்கு அடியிலுள்ள தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, துணி விளிம்பை அதையொட்டி ஓட்டலாம். நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைத் தட்டு போட்டிருந்தால் ஊசியை நகர்த்தாதீர்கள், தட்டில் மோதி உடையும்.

சோதனை சரியாக வந்த அமைப்பைக் குறித்து வைத்துக்கொண்டு 64 சதுரத்தையும் அதே அமைப்பில், அதே நூலில் தையுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் துணியை இரண்டு பக்கமும் இழுக்காதீர்கள். சீம் ரிப்பரால் (தையல் பிரிக்கும் சிறு கருவி) ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும், துணியும் கெடாது.

படி 3: அழுத்துதல்

துணி துவைத்துத் தேய்ப்பதுபோல் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். பெட்டியை வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். முதலில் தைத்தபடியே தட்டையாக ஒருமுறை அழுத்தினால் நூல் துணிக்குள் அமர்ந்துவிடும். பிறகு தையலை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். வெள்ளைப் பக்கம் சாய்த்தால் கருநீலம் வெள்ளைக்கு அடியில் நிழலாகத் தெரியும். ஆவி வேண்டாம். கிராஸாக வெட்டிய ஓரங்கள் ஆவி பட்டால் நீளும்.

வரிசைகளை இணைக்கும்போது, அடுத்தடுத்த வரிசையின் தையல்கள் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருந்தால் சந்திப்பில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும், மூலைகள் குண்டூசி இல்லாமலே சேரும். முதல் கில்ட்டில் நிறங்களைவிட இந்தப் பொருத்தத்துக்கு முன்னுரிமை கொடுக்கலாம். தையலை இரண்டாக விரித்து அழுத்துவது தட்டையாக வரும், மாடர்ன் பாணிக்கு அழகு. ஆனால் சந்திப்பைப் பொருத்தக் குண்டூசி தேவைப்படும், தையல் நீளத்தையும் 2 மி.மீ.க்குக் குறைக்க வேண்டும்.

படி 4: மூன்று அடுக்கு

பஞ்சு விரிப்பைப் பேட்டிங் என்பார்கள். முதல் கில்ட்டுக்கு மெல்லிய பருத்தி அல்லது 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர் கலந்தது. உப்பலான பாலியஸ்டர் மெஷினுக்கு அடியில் வழுக்கும், சூட்டில் உருகவும் செய்யும். பாக்கெட்டில் இரண்டு தையல் கோடுகளுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டிகட்டியாகச் சேரும்.

பின்துணியும் பேட்டிங்கும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச் பெரிதாக இருக்கட்டும். பின்துணியை உட்புறம் மேலே தெரியத் தரையில் விரித்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும். முறுக்கி இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி, பின்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் மேல்துணி. வளைந்த ஊக்குகளை நடுவிலிருந்து வெளியே 4 இன்ச்சுக்கு ஒன்றாகக் குத்துங்கள். இந்த அளவுக்கு 80 ஊக்கு தேவைப்படும், இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 5: நேர்கோட்டுத் தையல்

இதற்கு வாக்கிங் ஃபுட் வேண்டும். சாதாரண ஃபுட்டில் அடியில் உள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் நகர்த்தும், மேல்துணி பின்தங்கிக் கோட்டின் முடிவில் மடிந்து குவியும். வாக்கிங் ஃபுட்டுக்கு மேலேயும் பற்கள் உண்டு. வாங்குமுன் உங்கள் மெஷினில் ஃபுட் மாட்டும் தண்டு குட்டையா உயரமா என்று பாருங்கள். பொருத்தும்போது அதன் கை ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அது வெறும் கனமான ஃபுட்தான்.

தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 90/14. முதல் கோடு நடுவில், பிறகு வெளியே. எல்லாக் கோட்டையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் கோடுகளுக்கு நடுவே சாய்வாகச் சுருக்கம் ஓடும். கோடு போட ஹெரா மார்க்கர் நல்லது, மையே இல்லாமல் துணியில் மடிப்புத் தடம் மட்டும் போடும். சூட்டில் அழியும் பேனா கவர்ச்சியானது, ஆனால் கடுங்குளிரில் கோடு திரும்ப வரும், சில அடர்நிறத் துணிகளில் வெளிறிய தடமும் விடும். தண்ணீரில் அழியும் நீலப் பேனா என்றால் அழிக்குமுன் இஸ்திரி படக் கூடாது. பட்டால் கறை நிலைத்துவிடும்.

படி 6: ஓரம்

வெளியே நீண்டிருக்கும் பேட்டிங்கையும் பின்துணியையும் மேல்துணி அளவுக்கு வெட்டிவிடுங்கள். ஓரப்பட்டைக்கு 2½ இன்ச் பட்டைகள் 4 வெட்டி, 45 டிகிரி சாய்வில் இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அழுத்துங்கள். சுற்றளவு 144 இன்ச். இணைப்புக்கும் மூலைகளுக்கும் 10 இன்ச் கூடுதல். முன்பக்கத்தில் கால் இன்ச் விட்டுத் தைத்து, ஒவ்வொரு மூலைக்கும் கால் இன்ச் முன்பாக நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பின்பக்கம் கிளிப்களால் பிடித்து ஹெம்மிங். மூலை உருண்டுபோனால் தையல் ஓரம் வரை போய்விட்டது என்று பொருள். அந்த கால் இன்ச்சை மட்டும் பிரித்தால் போதும்.

அறுகோண, வளைவு ரூலர்கள், சுழலும் மேட், அச்சில் வெட்டும் மெஷின், ஐம்பது நிற நூல் பெட்டி எதுவும் இந்தக் கில்ட்டுக்கு வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் இரண்டு உதிரி பிளேடு வாங்குங்கள். கழற்றிய பழைய பிளேடை டேப் சுற்றி மூடிய டப்பாவில் போடுங்கள், குப்பையில் வெறுமனே எறியாதீர்கள்.